கை பிடிக்கிற வேலை

— கண்ணை மூடாதீங்கம்மா. மூடினாதான் பயம் ஜாஸ்தியாகும்.

— மூடலையே... பாதி திறந்துதான் வெச்சிருக்கேன்.

— மஞ்சக் கோட்டுக்கு நடுவுல காலை வைங்க. ம்... இப்போ!

— இரு, இரு. இந்தப் படி போகட்டும். அடுத்ததுல ஏறிக்கிறேன்.

— அடுத்ததும் இதே மாதிரிதாம்மா வரும். எஸ்கலேட்டர்ல நல்ல படி, கெட்ட படின்னு கிடையாது.

— கொஞ்சம் மூச்சு வாங்க விடுடி... விடும்மா.

— என் கையை இறுக்கிப் பிடிங்க. வலது கால்... அவ்வளவுதான். ஏறியாச்சு!

— ஏறியாச்சா? நான் ஒண்ணுமே பண்ணலையே?

— அதான் இதுல சுகமே. நாம நின்னா போதும். அது கூட்டிட்டுப் போகும்.

— என் வாழ்க்கையில வேற எதுவும் இப்படி நடந்ததில்லை... அடடா, கீழே இருந்த சென்ட் வாசனை நம்ம கூடவே ஏறி வருதே.

— பக்கத்துக் கண்ணாடியில பாருங்க. நாம ரெண்டு பேரும் போறோம்.

— யாரோ மாதிரி இருக்கோம்.

— யாரோதானே நாம?

— ...ஆமா. யாரோதான். கீழே அந்த டை கட்டின ஆள் எதுக்கு நம்மளையே பாக்கிறார்?

— அவர் சூப்பர்வைசர். நம்மளை இல்லம்மா, என்னைப் பாக்கிறார். கடை திறந்த புதுசுல என் கையைப் பிடிக்க வரிசையில நின்னாங்க. இப்போ எல்லாரும் போன் பேசிக்கிட்டே ஏறுறாங்க. இனிமே கை பிடிச்சு ஏத்தி விட ஒரு ஆள் வேணுமான்னு இன்னிக்கு முடிவு பண்றாங்க.

— வேணாம்னு சொல்லிட்டா?

— நான் வீட்டுக்குத்தான்.

— காலையிலேர்ந்து எத்தனை பேர் உன் கையைப் பிடிச்சாங்க?

— நீங்க ஒருத்தர்தான்... காலைத் தூக்குங்க, மேல் தளம் வந்தாச்சு.

— நீ இங்கேயே நில்லு. நான் ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்.

— ...

— எங்கேம்மா போனீங்க இவ்வளவு நேரம்? தேடி வரலாம்னு பாத்தேன்.

— எனக்கே தெரியலை. பட்டப்பகல்ல அத்தனை விளக்கு எரியுது! போர்வை, தலையணை, கண்ணாடிக் குவளை... எடுத்துப் பாத்தேன், வெச்சுட்டேன். திரும்ப எடுத்தேன். என்ன வேணும்னு ஒருத்தர் கேக்கலை. வாங்காம போறியான்னு ஒருத்தர் முகத்தைச் சுளிக்கலை. கட்டில் விரிச்சு வெச்ச இடத்துல கொஞ்சம் உக்காந்தேன். தூக்கம் வந்துடுச்சு.

— தூங்கிட்டீங்களா!

— தூங்கலை. தூங்கலாம்னு தோணுச்சு. அதுவே எவ்வளவு நல்லா இருந்துச்சு, தெரியுமா?

— வாங்க, இறங்குவோம். கை... ம், வைங்க. பாத்தீங்களா, இப்போ பழகிடுச்சு.

— சத்தமாச் சொல்லாதே. பழகலை... ஏம்மா, உன் வீட்டுல இந்த வேலைக்கு என்ன சொல்றாங்க?

— வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டார். மாமியாருக்குத்தான் ஆகாது. கண்டவங்க கையைப் பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்டாங்க. என்கிட்ட இல்லை, அவங்க பையன்கிட்ட. என் காதுல விழுற மாதிரி.

— ...வாய் கொஞ்சம் நீளம்தான் போல அவளுக்கு.

— கொஞ்சமா?

— சரி, நிறையவே. நீ மட்டும் சும்மாவா இருந்திருப்பே?

— நான் ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை.

— பேச மாட்டே. பாத்திரத்தை டொம்முனு வைப்பே.

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எல்லா வீட்டுலேயும் அப்படித்தானே வைப்பாங்க... அவ்வளவு பேச்சு கேட்டுக்கிட்டு எதுக்கு இந்த வேலை? சம்பளத்துக்கா?

— சம்பளமும்தான். ஆனா... வீட்டுல நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லைன்னாலும் ஒண்ணுதான். இங்கேதாம்மா என் கையை யாராவது தேடினாங்க. நேத்து ராத்திரி அதை நினைச்சு அழுதேன்.

— தெரி... ஐயோ, தரை வந்துடுச்சே! பிடி, பிடி!

— வாங்க மேடம், மெதுவா. ரொம்பப் பயமா இருந்தா லிஃப்ட் இருக்கே?

— அந்தப் பெட்டிக்குள்ள என்னைப் போட்டு அடைக்கப் போறீங்களா, சார்? இந்தப் பொண்ணு கையைக் குடுத்துச்சு, ஏறினேன். இல்லைன்னா வாசலோட திரும்பியிருப்பேன்.

— எல்லாரும் பழகிட்டாங்கன்னு ஆபீஸ்ல நினைக்கிறாங்க, மேடம்.

— பழகினவங்கதானே உள்ளே வர்றாங்க? எங்க தெருவுல பாதிப் பேர் இந்தப் படிக்குப் பயந்தே வர்றதில்லை. வராதவங்களை நீங்க எங்கே பாத்தீங்க?

— அது... பாக்கலை, மேடம்.

— அவங்களை எல்லாம் நான் கூட்டிட்டு வர்றேன். நாளைக்கே நாலு பேர். ஆனா இந்தப் பொண்ணு இங்கே நிக்கணும்.

— கூட்டிட்டு வாங்க, மேடம். நிக்க வைக்கிறேன்... உண்மையைச் சொன்னா, முதல் நாள் நானும் இவங்க கையைப் பிடிச்சுத்தான் ஏறினேன். ஆபீஸ்ல பேசிக்கிறேன். நீ இங்கேயே இரும்மா.

— சரிங்க சார்... ரொம்ப நன்றி, சார்.

— போயிட்டாரா?

— போயிட்டார். பல்லைக் காட்டாதீங்க, திரும்பிப் பாத்தாலும் பாப்பார்.

— எப்படி? நல்லாப் பயந்தேனா?

— பாதிதான் நடிப்பு. ஏறும்போது உங்க கை நிஜமாவே நடுங்குச்சு.

— உனக்கும்தான் நடுங்குச்சு.

— வாசல்ல உங்களைப் பாத்ததும் எனக்கு உயிரே போயிடுச்சு. சண்டை போடத்தான் வர்றீங்கன்னு நினைச்சேன். இன்னிக்கு இந்த விஷயம்னு உங்களுக்கு யார் சொன்னது?

— யார் சொல்லணும்? மெல்லிசு சுவர். நேத்து ராத்திரி நீ சொல்லிச் சொல்லி அழுததெல்லாம் கேட்டுச்சு. நீ அழுதா எனக்கும் தூக்கம் இல்லை. இப்போ இங்கேயும் அழாதே. வேலை நேரம்.

— அழலை. தரைக்கு வந்து ரொம்ப நேரம் ஆச்சு. கையை விடலாம், அத்தை.

— விடுறேன், விடுறேன்... எத்தனையோ பேர் கையைப் பிடிச்சே. உன் புருஷனைப் பெத்தவ கையை இன்னிக்குத்தானே பிடிச்சிருக்கே. கொஞ்சம் இரு.