மாப்பிள்ளைக்கு இன்னொரு வாய்

இந்த ஸ்டேஷனில் டீ நன்றாகப் போடுகிறார்கள், அய்யா. இஞ்சி தாராளம். ஆலங்காயம் சந்தையில் இப்படி ஒரு டீ கிடைத்திருந்தால் பாதிப் பேரத்தை அரைகுறையாக முடித்துவிட்டு ஓடிவந்திருப்பேன்.

என் பெயர் கண்ணாயிரம். புளித் தரகன். செத்துப்போன தசரதன் என் தங்கை செவ்வந்தியின் புருஷன். அவரும் புளித் தரகர்தான். நீங்கள் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு மட்டும் பேரம் கிடையாது, ஒரே விலை.

எங்கள் தொழிலில் வாயால் விலை பேசுவதில்லை. ஜவ்வாது மலையிலிருந்து புளி இறங்கியதும் இரண்டு தரகர்கள் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம். எந்த விரலைப் பிடிக்கிறோம், எப்படி அழுத்துகிறோம் என்பதுதான் விலை. பார்க்கிறவனுக்கு இரண்டு பேர் துண்டுக்குள் கோழிக்குஞ்சு வளர்ப்பதுபோல இருக்கும்.

மாப்பிள்ளை அதில் ராஜா. விரலைத் தொட்டாலே எதிராளி எதுவரை இறங்குவான் என்று கண்டுபிடித்துவிடுவார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி சொல்வார்: "இன்னா மச்சான், உன் வெரலு உண்மைய ஒளறுதே. வூட்லயே வெச்சிட்டு வந்துருக்கலாம்ல?"

சந்தை சிரிக்கும். நானும் சிரிப்பேன். நல்ல கிண்டலை மதிக்கத் தெரிந்தவன் நான். வருஷக்கணக்கில் மதித்தேன்.

பிறகுதான் டாக்டரம்மா நதியா வந்தார். சந்தைத் திடலில் சர்க்கரை நோய் முகாம். டேப்பை எடுத்து எங்கள் வயிற்றையெல்லாம் அளந்தார். மாப்பிள்ளையைச் சுற்றி வருவதற்குள் டேப்புக்கே மூச்சு வாங்கியது.

"கொழுப்புன்னா சும்மா கெடக்கற மூட்டைன்னு நெனச்சுக்காதீங்க," என்றார் டாக்டரம்மா. "அது ஒரு கடை. உள்ளருந்தே ஒடம்பு பூரா ஹார்மோன் அனுப்பிட்டிருக்கும். லெப்டின்னு ஒண்ணு, 'போதும், எழுந்திரு'ன்னு மூளைக்குச் சொல்லும். கொழுப்பு ஏற ஏற அது கத்திட்டே கெடக்கும், மூளை காதுல வாங்காது. அடிப்போனெக்டின்னு இன்னொண்ணு, சர்க்கரைக்கும் ரத்தக்குழாய்க்கும் காவல். தொப்பை வளந்தா அது கொறைஞ்சிடும். காவல் போச்சுன்னா சர்க்கரை ஏறும், ஹார்ட்டும் கெடும்."

"குடோன் பெருசானா சரக்கு கொறையுமா?" என்றார் மாப்பிள்ளை. "இன்னா கடைங்க அது, எங்க மச்சான் கடையா?"

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். ஆனால் மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஏகத்துக்கும் இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, "வுட்டுட்டீங்கன்னா மொதல்ல காலு மரத்துப் போகும், அப்புறம் கை வெரலு," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை என் காதில் தேன்போல இறங்கியது. மலைத்தேன், கலப்படமில்லாதது.

என்னையும் விடவில்லை அந்த அம்மா. "நீங்க ஒல்லின்னு சிரிக்காதீங்க. கை காலு குச்சி, வயிறு மட்டும் பானை. அதுவும் அதே கடைதான். ரத்தம் குடுத்துட்டுப் போங்க." ஒல்லியானவனுக்கு எதற்குச் சர்க்கரைச் சோதனை? வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டேன்.

வேலை இருக்கத்தான் செய்தது. வாணியம்பாடி பிரியாணி, ஆற்காட்டு மக்கன் பேடா, படவேட்டு வெல்லத்தில் அதிரசம் என்று தேடித்தேடி வாங்கினேன். சரக்கை நீட்டுகிறவன் முதலில் தானே ஒரு வாய் தின்று காட்டுவது எங்கள் வியாபாரத்தில் வழக்கம், புளியானாலும் பேடாவானாலும். நானும் ஒவ்வொரு முறையும் தின்று காட்டினேன்.

"போதும் மச்சான்," என்பார் அவர். பேசுவது லெப்டின் என்று எனக்குத் தெரியும்.

"என் தங்கச்சி மேல ஆசை இருந்தா இன்னொரு வாய் துன்னு மாப்ள," என்பேன். லெப்டின் தோற்றுவிடும். "எங்க அண்ணா மாதிரி யாரு பாத்துக்குவாங்க," என்று செவ்வந்தி கண் கலங்குவாள். ஆனந்தமான வீடு, அய்யா.

மாத்திரை வாங்கி வரும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். பாவம், நடந்தால் அவருக்கு மூச்சு இரைத்தது. டப்பா அதே டப்பாதான். உள்ளே இருந்தது சத்து மாத்திரை. சத்து மாத்திரை தின்று யார் கெட்டார்கள்?

ஒரு நாள் டீக்கடையில் எல்லாரும் டம்ளரை விளிம்பில் பிடித்து ஊதிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை மட்டும் கை முழுக்கப் பொத்திப் பிடித்திருந்தார். "இன்னாப்பா, டம்ளரு ஜில்லுனு கீது. ஆறிப்போன டீயா?" என்று கடைக்காரரிடம் சண்டை. எனக்கு எழுந்து ஆடவேண்டும் போலிருந்தது.

அடுத்த சந்தையில் துண்டுக்குள் என் அழுத்தத்தை அவர் தப்பாகப் படித்தார். நான் ஜெயித்தேன். அந்தப் புளிக்காலம் முழுக்க ஜெயித்தேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "மச்சான், நீ எப்ப பொய் சொல்லக் கத்துக்கின?" என்று பெருமையாகத்தான் கேட்டார். பழக்கம்தான் என்றேன்.

ஜெயித்தபிறகும் ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். நியாயமான கேள்வி. வியாபாரம் சூடுபிடித்த நேரத்தில் யாராவது கடையை மூடுவார்களா?

போன சந்தையிலும் அவர் கை என் கைக்குள்தான் இருந்தது. நடுப் பேரத்தில் விரல்கள் தளர்ந்தன. இறங்கி வருகிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். துண்டை எடுத்தபோதுதான் தெரிந்தது, மாரடைப்பு.

காரியத்துச் சமையலுக்குப் புளி எடுக்க என் குடோனுக்கு வந்த செவ்வந்தி, மூட்டைக்குள் கையை விட்டிருக்கிறாள். அத்தனை சர்க்கரை மாத்திரையும் அங்கே பத்திரமாக இருந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தூக்கியெறிகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை, அய்யா.

ஆக, மாத்திரையை மாற்றியது நான். கொன்றதும் நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பேடாவில் குற்றம் சொல்லாதீர்கள். அதே பேடாவை நானும்தான் தின்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே.

அடடா, இன்னொரு டீயா? எதற்கு உங்கள் கான்ஸ்டபிள் டம்ளருக்குக் கைக்குட்டை சுற்றிக் கொண்டுவருகிறார்? இப்படிக் கொடுங்கள், நான் பொத்திப் பிடித்துக்கொள்கிறேன். ஏன் இரண்டு பேரும் என் கையையே பார்க்கிறீர்கள்? ஆறிப்போன டீதானே, அய்யா.