நான்கு வண்ணக் கோடுகளும் ஒரு கல்லும்

அவையை நடத்தும் தலைவர் அவர்களே, எங்கள் ஊழியர் குடியிருப்பின் மூத்தவர்களே, அடுப்பு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மேடையை நிறைத்திருக்கும் நான்கு துறை அதிகாரிகளே, இந்தப் பந்தலுக்குக் குழி தோண்டிக் கால் நட்ட தம்பிகளே! தம்பிகளுக்கு முதல் வணக்கம். மற்ற அனைவருக்கும் முழு வணக்கம்!

நான் எழுத்தறியாதவன். ஆனால் இந்த நகரத்து மண்ணை முப்பத்தெட்டு ஆண்டு தோண்டியவன். என்ன? மைக்கைக் கிட்ட வைக்க வேண்டுமா? வைத்துவிட்டேன். முன்வரிசையிலிருந்து அதட்டுகிறவன் என் மச்சினன். என் மனைவியின் தம்பி. இருபது ஆண்டு என்னோடு ஒரே குழியில் நின்றவன். அவன் கதையைச் சொல்லத்தான் நான் ஏறினேன். அதற்குள் அவனே குறுக்கே பேசுகிறான்!

பெரியோர்களே! உங்கள் காலடியில் என்ன ஓடுகிறது? குடிநீர் ஓடுகிறது, மின்சாரம் ஓடுகிறது, தொலைபேசி ஓடுகிறது, சாக்கடை ஓடுகிறது. மண் ஒன்று. துறை நான்கு! வரைபடம் நான்கு! பீரோ நான்கு! பூட்டு நான்கு! ஒரு பூட்டின் சாவி இன்னொரு பூட்டின் முகத்தைப் பார்த்ததுண்டா?

குடிநீர்க்காரர் தார்ச்சாலையின் ஓரத்திலிருந்து அளந்தார். மின்சாரக்காரர் மதில்சுவரிலிருந்து அளந்தார். தொலைபேசிக்காரருக்கு விளக்குக் கம்பம். சாக்கடைக்காரருக்கு இரும்பு மூடி. அளந்தது எல்லாம் சரிதான். ஆனால் ஐயா, சாலையை அகலப்படுத்தினால் ஓரம் நகராதா? சுவரை இடித்துக் கட்டினால் சுவர் நகராதா? நகர்ந்ததை யார் யாருக்குச் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தவன் நான் ஒருவன். எந்தத் துறை தோண்டினாலும், "பெரியவரைக் கேட்டுட்டுத் தோண்டுங்கப்பா" என்பார்கள்.

பத்தொன்பது ஆண்டுக்கு முன் ஒரு நாள், அந்தப் பெரியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நகரத்தின் வரைபடமே போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டப்பகல். ஆஸ்பத்திரித் தெரு. சாலை ஓரத்திலிருந்து நான்கு அடியில் குழாய் என்றது குடிநீர் வரைபடம். சாலை மூன்று அடி அகன்றுவிட்டது அதற்குத் தெரியாது. என் மச்சினன் இறங்கினான். கடப்பாரையை ஓங்கினான். அங்கே கிடந்தது குழாயா? இல்லை, மின்சாரக் கேபிள்! உயிர் தப்பியது. வலது கை தப்பவில்லை.

விசாரணை வைத்தார்கள். "எங்க மேப்பு கரெக்டுங்க" என்றார் ஒருவர். "அப்போ எங்களுது மட்டும் தப்பா?" என்று எகிறினார் அடுத்தவர். எல்லா வரைபடமும் சரி. என் மச்சினன் கை மட்டும் தப்பு!

அப்படிக் கிடந்த நகரத்துக்குத்தான் ஆறு ஆண்டுக்கு முன் நில அளவைத் துறையிலிருந்து இந்த அம்மையார் வந்தார். அதோ, தன்னைப் பற்றிப் பேசுகிறார்களே என்று தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவர்தான். எங்கள் வாயில் அவர் பெயர் சாக்பீஸ் மேடம்.

நான்கு வரைபடத்தையும் ஒன்றாக்கலாம் என்று கேட்டார். குடிநீர் அதிகாரி சொன்னார், இங்கேதான் இருக்கிறார், சிரிக்கவும் செய்கிறார்: "எங்க மேப்பைக் குடுத்துட்டா, அப்புறம் எங்களை யார் மேடம் மதிப்பா?"

அம்மையார் சண்டை போட்டாரா? இல்லை. மேலிடத்துக்குப் புகார் எழுதினாரா? இல்லை. நால்வரையும் ஆஸ்பத்திரித் தெருவில் நிறுத்தி, ஆளுக்கொரு நிறத்தில் சாக்பீஸ் கொடுத்தார். "உங்க மேப்புல இருக்கிறபடியே கோடு போடுங்க சார், போதும்."

போட்டார்கள்! மஞ்சள் கோடு தையல்கடைப் படியேறி உள்ளே போனது. "சார், என் மிஷினுக்கு அடியிலயா உங்க லைன் போகுது? அப்போ எனக்கு ஒரு போனை ஓசியில குடுங்க" என்றார் தையல்காரர். தெருவே சிரித்தது. நீலமும் சிவப்பும், அதாவது தண்ணீரும் மின்சாரமும், ஓரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்தன. சிரிப்பு நின்றது. அந்த இடத்தைக் காட்டி மேடம் கேட்டார்: "இந்தக் குழியில யார் சார் இறங்குவா? நீங்களா, நானா?"

 அன்று மாலைக்குள் நான்கு பீரோவும் திறந்தன!

ஆஸ்பத்திரி வாசல் மூலையில் ஒரு கல் நட்டார். குழி தோண்டியவன் அடியேன். சாலை நகரட்டும், சுவர் நகரட்டும், இந்தக் கல் நகராது. எல்லா அளவும் இதிலிருந்துதான் என்றார். குழியை மூடுவதற்கு முன் அளந்து பொது வரைபடத்தில் ஏற்றியாக வேண்டும் என்றார். தெருத் தெருவாக என்னை நடக்கவைத்து, "இங்க என்ன கிடக்குங்க ஐயா?" என்று கேட்டுக் கேட்டு என் நெஞ்சில் கிடந்ததையும் அதில் ஏற்றிக்கொண்டார். இன்று நான்கு அலுவலகத் திரையிலும் ஒரே படம்!

இனி நான் வெட்கத்தோடு சொல்வதைக் கேளுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டு ஆகிறது. போன மாதம் ஆஸ்பத்திரிக் குழாய் உடைந்தது. பழக்க தோஷம், போய் நின்றேன். இறங்க வேண்டியவர் என் மருமகன். காலால் கோடு கிழித்து, "இங்க போடுங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் கைபேசியில் படத்தைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் மாமா. இங்க கரண்டு கேபிள் காட்டுது."

"எனக்குத் தெரியாத கேபிளா?"

"நீங்க ரிட்டயர் ஆனப்புறம் போட்டது மாமா."

மண்வெட்டி நுனியால் மெல்லச் சுரண்டினார்கள். நான் கிழித்த கோட்டுக்கு நேர் கீழே, கறுத்து, பருத்து, கிடந்தது!  அன்று மருமகன் சாப்பிட உட்கார்ந்தபோது அவருடைய இரண்டு கையையும் எண்ணிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே எண்ணினேன்.

என் நினைவில் ஓட்டையில்லை. ஆனால் நான் காணாததை என் நினைவு காணுமா? தனி ஒருவன் நினைவு ஓய்வு பெறும், காய்ச்சலில் படுக்கும், ஒரு நாள் அவனோடு மண்ணுக்குள் போகும். நாலு பேர் கூடி எழுதிய படம் படுக்காது! போகாது! பொய்க்காது!

இப்போது அம்மையாருக்குக் கை தட்டுங்கள். ஓங்கித் தட்டுங்கள்! என்னடா மச்சினா, "நான் எப்படித் தட்டுறது மச்சான்?" என்கிறாயா? பாருங்கள், பாருங்கள்! அன்று வரைபடத்தைத் தர மறுத்த அதிகாரி மேடையை விட்டு இறங்கிப் போகிறார். அவன் முன்னால் தன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்! யோசிக்காதே, அதில் அடி!

அடித்தான் ஐயா! கேட்டதா அந்தச் சத்தம்?

இதற்கு மேல் நான் பேச ஒன்றுமில்லை. காது கொடுத்த உங்களுக்கு நன்றி. கல் நட்ட அந்தக் கைகளுக்கு வணக்கம்.