கைத்துப்பாக்கிக்குப் போட்ட நகை

காப்பி நன்றாக இருக்கிறது, ஷெரிப் ஐயா. இந்த ஸ்டேஷன் காப்பியை என் மனைவியின் தம்பி ராய்ஸ் ஓயாமல் புகழ்வான். குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒரு ராத்திரி இங்கே தங்கியவன் அல்லவா. பாவம், இனி யாரிடம் புகழப்போகிறான்.

நீங்களும் துப்பாக்கி வைத்திருப்பவர், உங்களுக்குப் புரியும். போன வருடம் கண்காட்சியில் ஒரே ரகத்தில் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினேன். ஒவ்வொன்றும் இருநூறு டாலர். என் மனைவி நாடின் தன்னுடையதைச் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு போட்டு மறந்துவிட்டாள். நான் அப்படி விடுகிற ஆள் இல்லை. தங்க நிறக் குழல் போட்டேன். குறி பார்க்க, இருட்டில் மின்னும் முள் வைத்தேன். விசை பஞ்சு மாதிரி இருக்கட்டும் என்று ஸ்ப்ரிங்கை மெல்லியதாக மாற்றினேன். ஆயிரத்து நூறு டாலர் ஆயிற்று. தகுமா என்றால், தகும்.

ராய்ஸுக்கு அது பொறுக்கவில்லை. சனிக்கிழமை துப்பாக்கி சுடும் திடலில் அத்தனை பேர் முன்னால் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இருநூறு டாலர் துப்பாக்கிக்கு இம்புட்டு நகையா? கல்யாணம் எப்போ மாப்ளே?"

எல்லோரும் சிரித்தார்கள். பாதிரியாரும் சிரித்தார். எனக்கு வலித்தது, ஐயா.

"காகிதத்தை எதுவும் சுடும். ஆளு வந்தா தெரியும் இதோட லட்சணம்" என்றும் சொன்னான்.

அது நியாயமான பேச்சு. ஆனால் எங்கள் தெருவில் ஒன்பது வருடமாகத் திருடனே வரவில்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தால் எவன் வருவான்? நான் எத்தனை நாள் காத்திருப்பது? அதனால் ராய்ஸையே கூப்பிட்டேன். ஞாயிறு காலையில் வந்து மரம் அறுக்கும் ரம்பத்தை எடுத்துக்கொள், கதவைத் தட்டாமல் உள்ளே வா என்றேன். வயிற்றுவலி என்று சொல்லி நாடினை மட்டும் சர்ச்சுக்கு அனுப்பிவிட்டு, கார் கொட்டகையில் மான்கறி வைக்கும் குளிர்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

வந்தான். நெஞ்சுக்கு நேரே குறி வைத்து விசையை இழுத்தேன். டிக் என்றது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் டிக்.

விளையாட்டு என்றே நினைத்தான். சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து அதை வாங்கினான்.

"ஸ்ப்ரிங்க மாத்தாதேன்னு சொன்னேனா இல்லையா? ஊசி போய் தோட்டாவ அழுத்தமா அடிக்கணும்ல. பழச எடுத்துட்டு வா மாப்ளே, நானே போட்டுத் தரேன்."

நல்ல மனசுக்காரன், இல்லை என்று சொல்லமாட்டேன். கொட்டகைத் தரையில் துணி விரித்து, கழற்றவும் ஆரம்பித்துவிட்டான். நான் சமையலறைக்குப் போனேன். கரண்டிகளை ஒதுக்கி நாடினுடையதை எடுத்து வந்தேன். ஒரு திருகாணிகூட மாற்றாதது. முதல் இழுப்பிலேயே வெடித்தது. அவன் என் ஸ்ப்ரிங்கைக் கையில் பிடித்தபடியே சாய்ந்தான்.

சுட்டது நான்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி. எந்தத் துப்பாக்கி என்ற இடத்தில் தங்கக் குழல் போட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். திடலில் நாலு பேர் கேட்பார்கள்.