பதினொரு வீட்டுத் தண்ணீரை மூடியது நான்தான்

என் பெயர் பெட்ரிசியா, தந்தை பெயர் சவரிமுத்து, வயது 47, சிரம்பான் மாவட்டம், ஹெதர்லி தோட்டம், இரண்டாம் டிவிஷன் லயத்தில் ஆறாம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். அது மூடப்பட்ட பிறகு வெளிநாட்டுப் பயணிகளை வீட்டில் தங்கவைத்து, சமைத்துப் போட்டு, தோட்டத்தைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே இன்று 24.4.2025 காலை போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். நான் சொல்லச் சொல்ல கார்ப்பரல் தனேஸ்வரன் எழுதுகிறார்.

எங்கள் லயத்தில் ஒரே வரிசையில் பதினொரு வீடுகள். மூன்று ஆண்டுகளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. கிணற்றிலிருந்து தூக்கினோம், மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்தோம். ஐந்தாம் எண் வீட்டு நீலாவதிக்கு வயது 61, அவர் கணவர் வாதம் வந்து கட்டிலோடு கிடப்பவர், ஒரு நாளைக்குப் பத்து வாளி இல்லாமல் அவரைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாது. நாங்கள் எழுதிய மனுக்களை அடுக்கினால் இந்த மேசை உயரம் வரும்.

சென்ற ஆண்டு அம்பாங்கானில் உள்ள ஒரு நிறுவனத்தில் பதிந்துகொண்டேன். இயற்கையைக் கெடுக்காமல் ஊர் பார்க்க விரும்பும் பயணிகளை என்னைப் போன்ற உள்ளூர்க்காரர்களோடு சேர்த்துவிடுவது அவர்கள் தொழில். அங்கே வேலை செய்யும் அனுஷியா என்ற யாழ்ப்பாணத்துப் பெண்தான் எனக்குப் பொறுப்பு. வந்து போகும் பயணிகள் நிறுவனத்தின் இணையதளத்தில் வீட்டைப் பற்றி எழுதி, மதிப்பெண்ணாகப் பச்சை இலை போடுவார்கள், அதிகபட்சம் ஐந்து இலை. எனக்கு எப்போதும் ஐந்துதான். ஏனென்றால் ஒரு வாளி மழைத் தண்ணீரில் குளித்ததை அவர்கள் பெரிய பாக்கியம் போல எழுதினார்கள். நாங்கள் என்ன ஆசைப்பட்டா அப்படிக் குளித்தோம்? இதையும் எழுதச் சொன்னேன்.

கடந்த மார்ச் மாதம் ஒருவழியாகப் புதுக் குழாய் போட்டார்கள். லயத்தின் தலைமாட்டில் இருந்த வால்வை மட்டும் மாற்றாமல் பழையதையே விட்டுவிட்டுப் போனார்கள். அன்று நீலாவதி ரப்பர் குழாயை மாட்டி, கணவரை நாற்காலியோடு வாசலில் உட்காரவைத்து, தலையிலிருந்து கால்வரை குளிப்பாட்டினார். அந்த மனிதர் வாயைத் திறந்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு என் வீட்டுக்கு வந்த ஒரு தம்பதி, குழாய் இருப்பதால் இது மற்ற வீடுகளைப் போல ஆகிவிட்டது என்று எழுதி, இரண்டு இலை போட்டுவிட்டுப் போனார்கள். குளித்தது என்னவோ அந்தக் குழாயில்தான், அதுவும் ஆளுக்கு அரைமணி நேரம்.

அதன் பிறகு அனுஷியா போன் செய்தார். தலைமை அலுவலகத்திலிருந்து பரிசோதகர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தங்க வருகிறார் என்றும், இலை குறைந்தால் இனிப் பயணிகளை அனுப்பமாட்டார்கள் என்றும் சொன்னார். “ரெண்டு நாளைக்கு மட்டும் பைப்பை மூடி வைக்க ஏலுமா அன்ரி? முந்தி இருந்த மாதிரியே காட்டுங்கோ” என்றார். தனியாக மூட என் வீட்டில் வழி இல்லை. மூடினால் பதினொரு வீட்டுக்கும் சேர்த்துத்தான் மூட வேண்டும். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நீலாவதிதான் முதலில் சரி என்றார். “உன் பொழப்பு லா, ரெண்டு நாளுதானே, மூடிக்க” என்றார். அவர் அன்று முடியாது என்று என்னைத் திட்டியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

12ஆம் தேதி சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்பானரால் வால்வை மூடினேன். பத்து மணிக்குப் பரிசோதகர் அனுஷியாவோடு வந்தார். மழைப் பீப்பாயைக் காட்டினேன், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் வீட்டுக் குழாயைத் திறந்தார், அது இருமியதோடு சரி. அதன் பிறகு நீலாவதி வீட்டுக் குழாயையும் திறந்தார். அவர் கையில் இருந்த தாளில் முதல் கேள்வியே, பயணிகள் வருவதால் இந்த மக்களுக்குச் சுத்தமான குழாய்த் தண்ணீர் கிடைத்திருக்கிறதா என்பதுதானாம். அனுஷியாவைப் பார்த்தேன். “சத்தியமா எனக்குத் தெரியாது அன்ரி, கேள்வியை மாத்திப்போட்டினம்” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தண்ணீர் இருக்கிறது, இதோ திறக்கிறேன் என்று ஓடினேன். வால்வு அசையவில்லை. ஸ்பானரில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, முழுப் பலத்தையும் போட்டுத் திருப்பினேன். தண்டு முறிந்து கையோடு வந்துவிட்டது, வால்வு மூடியபடியே நின்றுவிட்டது. பரிசோதகர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு, தங்காமலே போய்விட்டார். ஓர் இலையும் கிடைக்கவில்லை.

மறுநாள் தண்ணீர் அலுவலகத்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். இது யாரோ வேண்டுமென்றே உடைத்தது, போலீஸ் விசாரித்து எழுதிக் கொடுத்தால்தான் புது வால்வு போடுவோம் என்றார்கள். போலீஸ் வந்து யார் உடைத்தது என்று கேட்டதற்குப் பத்து வீட்டாரும் தெரியாது என்றார்கள். நீலாவதி ஒருபடி மேலே போய், “காட்டுப்பன்னிதான் ஒடச்சிருக்கும்” என்றார். பன்றிக்கு ஸ்பானர் ஏது? என்னைக் காப்பாற்றுகிறோம் என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டதால் விசாரணை முடியவில்லை, விசாரணை முடியாததால் வால்வு வரவில்லை. நானும் அபராதத்துக்குப் பயந்து பேசாமல் இருந்தேன்.

14ஆம் தேதி சித்திரைப் புத்தாண்டன்று விடிகாலையில் நீலாவதி கிணற்றிலிருந்து இரண்டு வாளி தூக்கி வந்தார். நான் போய் வாங்கியபோது, “பரவால்ல லா, பழகினதுதானே” என்றார். ஈஸ்டர் ஞாயிறன்று கோயிலில் சாமியார் எங்கள் மேல் தீர்த்தம் தெளித்தார், முகத்தில் விழுந்தது. அங்கேயே வாய்விட்டு அழுதேன். நேற்று நீலாவதி கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலும் பன்றி துரத்தியது என்றே சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனவே எழுதிக்கொள்ளுங்கள்: பன்றி இல்லை, வேறு யாரும் இல்லை, மூடியதும் நான், உடைத்ததும் நான். அபராதம் போட்டாலும் உள்ளே வைத்தாலும் சரி. இந்த வாக்குமூலத்தின் நகல் இன்றே தண்ணீர் அலுவலகத்துக்குப் போக வேண்டும், என் வழக்கு எப்போது முடிந்தாலும் எனக்குக் கவலையில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, ஒன்றையும் மறைக்கவில்லை, யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை.

(ஒப்பம்) ச. பெட்ரிசியா

பதிவு செய்தவர் குறிப்பு: ஒப்பமிட்ட பின், தாம் காரில் கொண்டுவந்த ஆறு காலிக் கலன்களை நிலையத்துக் குழாயில் நிரப்பிக்கொள்ள அனுமதி கேட்டார், ஐந்தாம் எண் வீட்டுக்கு என்றார். அனுமதித்தேன். காரில் ஏற்ற நானும் உதவினேன்.

(ஒப்பம்) கார்ப்பரல் தனேஸ்வரன்