பக்கத்துக் கட்டில் மேல் வைத்த கண்

தலைமை ஏற்றுச் சிறப்பிக்கும் பெரிய டாக்டர் அவர்களே, ஊசி குத்தினாலும் உள்ளம் குத்தாத செவிலியர் திலகங்களே, படுத்த பிள்ளையைப் பார்த்துப் பார்த்துப் பாதியாய் இளைத்த தாய்மார்களே, சக்கர நாற்காலியில் வீற்றிருக்கும் சக வேந்தர்களே! குணமாகி இன்று வீடு திரும்பும் எங்கள் தையல்காரத் தம்பியே! அனைவருக்கும் என் சாய்ந்த வணக்கம்!

ஏன் சாய்ந்த வணக்கம்? நிமிர்ந்தால் மயங்கிவிடுவேன்! லாரி கவிழ்ந்து என் முதுகுத்தண்டு முறிந்தது. கால்கள் அசையாமல் போனது கொடுமையில் ஒரு பங்குதான். நிமிர்ந்து உட்கார்ந்தால் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கிக் கண் இருட்டுகிறதே, அதுதான் கொடுமை.

பக்கத்துக் கட்டிலில் இந்தத் தம்பி. மாடியிலிருந்து விழுந்தவர். அதே முறிவு, அதே மயக்கம். மயங்குவதில் இருவருமே மன்னர்கள்! பிறகு அவருக்கு மட்டும் முதுகுத்தண்டின் மேல் மெல்லிய கம்பி வைத்து, விலாப்பக்கம் ஒரு சின்னக் கருவி பொருத்தினார்கள். பொத்தானை அழுத்தினால் மின்துடிப்பு நரம்பைத் தட்டும், தளர்ந்த ரத்தக்குழாய் இறுகும், அழுத்தம் இறங்காது. சில வாரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம்! உட்கார்ந்தபடி சட்டைக்குக் காஜா வேறு எடுத்தார்!

பொறாமைப்பட்டேனா? பட்டேன்! வயிறு எரிந்ததா? எனக்கு வயிற்றில் உணர்ச்சியே கிடையாது ஐயா, ஆனாலும் எரிந்தது! போதாக்குறைக்கு என் மனைவி, "அங்க பாருங்க, அந்தத் தம்பி எவ்ளோ நேரமா உக்காந்திருக்காரு!" என்றாள். அவர் தேநீர் குடித்தால் பார்த்தேன், தலை வாரினால் பார்த்தேன், தூங்கினாலும் பார்த்தேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்களே, அந்தக் கண்ணடியை ஓய்வில்லாமல் அடித்தேன்!

யாரம்மா அங்கே "பாவி" என்பது? ஒப்புக்கொள்கிறேன், உட்காருங்கள்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்திருந்தவர் முகம் திடீரென்று சிவந்தது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது, இவர் நெற்றியில் மட்டும் முத்து முத்தாய் வியர்வை. "தலை வெடிக்குது அண்ணே" என்றார். எங்களுக்கு அழுத்தம் இறங்கினால் மயக்கம். கண்டபடி ஏறினால் உயிருக்கே ஆபத்து. சிறுநீர் வடிய மாட்டிய குழாய் மடங்கி அடைத்தாலே ஏறிவிடும். அழைப்பு மணி எட்டவில்லை. படுத்தபடி கத்தினால் என் குரல் கதவைத் தாண்டாது. கட்டில் கம்பியைப் பிடித்து நிமிர்ந்தேன்! "சிஸ்டர்! தம்பி தொடைக்கடியில குழாய் மடங்கிக் கெடக்கு! ஓடி வாங்க, தூக்கி உக்கார வைங்க, அழுத்தம் எறங்கட்டும்!" அவ்வளவுதான், கண் இருண்டது.

விழித்தபோது குழாய் நேராகியிருந்தது. தம்பி உட்கார்ந்திருந்தார். "அண்ணே, உங்க கண்ணு எப்பவும் எம்மேலயே இருக்கட்டும்" என்றார்.

பெரியோர்களே! அன்று பார்த்தது அன்பா? அல்ல! பண்பா? அல்ல! பார்த்தது என் பொறாமை! சரி, அதற்குப் பிறகாவது பொறாமை போயிற்றா? எங்கே போயிற்று! இன்று அவர் வீட்டுக்குப் போகிறார், நான் அதே கட்டிலுக்குப் போகிறேன். எரிகிறது! டாக்டர் அவர்களே, என் முதுகுக்கு அந்தக் கம்பி எப்போது? தலையாட்டுகிறீர்கள், "ஆகட்டும்" என்றா, "பார்க்கலாம்" என்றா?

இந்த ஒரு வணக்கத்தை மட்டும் நிமிர்ந்து சொல்ல ஆசை. தம்பி, நாற்காலியை என் பக்கத்தில் கொண்டு வாருங்கள். இப்போது உங்கள் கண் என்மேல் இருக்கட்டும். மயங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்: நன்றி! வணக்கம்!