செப்டம்பர் இருபத்திரண்டு

– இன்னாம்மா ஸ்ரீரஞ்சனி இது? கம்பெனிக்கு இருபத்தஞ்சு வருஷம், 'வரலாற்றில் இன்று'ன்னு ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுன்னா, என் தலையிலயே கல்லப் போட்டுக்கீற?

– உக்காருங்கோ நெடுஞ்செழியன் சார். செப்டம்பர் இருபத்திரண்டுல நடந்த பெரிய விஷயம் எல்லாம் வரணும்னு நீங்கதானே சொன்னேள்?

– ஃபாரடே பொறந்தாரு, சரி. எம்டன் கப்பல் மெட்ராஸ் மேல குண்டு போட்டுச்சு, சரி. ஈரான் ஈராக் சண்டை, சரி. ரெண்டாயிரத்துல நம்ம கம்பெனி, ரொம்ப சரி. அதுக்குக் கீழ இன்னா அது?

– "2009: மயிலாப்பூரில் நெடுஞ்செழியன் கட்டிய மதில் இடிந்து விழுந்ததில் வயலின் வாத்தியார் சுப்பராமன் இறந்தார். யாரும் தண்டிக்கப்படவில்லை."

– நீ என்னாண்ட காமிச்ச தாள்ல இது இல்லியே.

– இல்லை. அப்புறமாச் சேர்த்தேன்.

– காலைல பேப்பரோட மைலாப்பூர், மாம்பலம், அடையாறு, எல்லா வூட்டுக்கும் பூட்ச்சு. அந்த சுப்பராமன் உனக்கு இன்னா வேணும்?

– எங்கப்பா.

– வேல கேட்டு வரச்சொல்ல இத ஏன் சொல்லல?

– சொல்லியிருந்தா குடுத்திருப்பேளா? மழையில விழுந்ததுன்னு சொல்லி கோர்ட்லேர்ந்து சிரிச்சுண்டே வெளில வந்தேள். நான் வாசல்ல நின்னுண்டிருந்தேன். உங்க பேர் வர்ற எடத்துல எல்லாம் எங்கப்பா பேரும் வரணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

– பொய் எழுதினேன்னு உன்மேல கேஸ் போடுவேன்.

– இதுல எது பொய்?

– தேதியே பொய். கம்பெனி பொறந்த நாளும் சாவும் ஒரே நாளுன்னா ராசியில்லன்னு எவன் ஃப்ளாட் வாங்குவான்? அந்தச் செவுரு மொத நாள் சாயங்காலமே வுழுந்துச்சு.

– மறுநாள் காலம்பற விழுந்ததுன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்தேளே?

– பின்ன? காலைல அதே எடத்துல ஆண்டு விழா. பெரிய மனுசங்க வராங்க. இடிஞ்சு கெடக்கறத அவங்க பாக்கலாமா? தார்ப்பாய் போட்டு மூடிட்டோம். உள்ள ஆள் கீறாருன்னு சத்தியமா தெரியாதும்மா. பதினோரு மணிக்கு விழா முடிஞ்சு கல்ல வாரச்சொல்லதான் பாத்தோம்.

– அன்னிக்கு ராத்திரி அப்பா ஆத்துக்கு வரலை. மழைன்னு பாலவாக்கத்துல சிஷ்யன் ஆத்துலயே தங்கிட்டார்னு நெனச்சுண்டு நாங்க தூங்கிட்டோம்.

– பாத்தியா, நீயே சொல்லிட்ட. இருபத்தியொண்ணுன்னு தேதிய மாத்தி வேற நோட்டீஸ் போடு. கேஸ் கீஸ் ஒண்ணும் வாணாம், இத்தோட வுட்டுடறேன்.

– மாத்த முடியாது சார். பிரேதப் பரிசோதனையில எழுதியிருக்கு. அப்பாவுக்கு உயிர் போனது இருபத்திரண்டாம் தேதி, காலம்பற பத்து மணி வாக்குல.