சிவப்பு வண்டியின் இடப்பக்க மட்கார்டு

மின்னசோட்டா மாநிலம் ஸ்டென்பர்க் விவசாயிகள் கூட்டுறவு டிராக்டர் பட்டறையில் நாற்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி, இன்று தலைமை மெக்கானிக்காக ஓய்வு பெறும் திரு. ஆர்லின் ப்ரெக்கே அவர்களுக்கு, பட்டறைப் பணியாளர்கள் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் படித்தளிக்கும் பாராட்டு மடல்

கிரீஸ் படிந்த கரங்களுக்கும் கறை படியாத மனத்துக்கும் உரியவரே, பேசாமலேயே பேர் வாங்கிய பெருந்தகையே, முடுக்கிய திருகும் முணுமுணுக்காத முதல்வரே, வணக்கம்.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். "என்னப் பத்தி எதுவும் படிக்க வேண்டாம், காபியக் குடிச்சுட்டுக் கலைஞ்சுடலாம்" என்று தாங்கள் இருமுறை சொன்னீர்கள். நம் ஊர் வழக்கில் இருமுறை வேண்டாம் என்பது மரியாதை. மூன்றாம் முறை சொன்னால்தான் மறுப்பு. தாங்கள் மூன்றாம் முறை சொல்வதற்குள் நம் உதிரிபாகக் கவுண்டர் மார்லிஸ் போனை வைத்துவிட்டார். ஆகவே படிக்கிறோம்.

சபையோர் இந்த வழக்கத்தைச் சற்று மனத்தில் நிறுத்த வேண்டுகிறோம். காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்கிறோம். கொஞ்சமாவது என்றால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்கிறோம். மிச்சம் இருக்கிறது, வீணாகிவிடும் என்றால், சரி, அரைக் கோப்பை. இப்படித்தான் நாம் காபி குடிக்கிறோம், இப்படித்தான் நிலம் வாங்குகிறோம், இப்படித்தான் கல்யாணம் செய்துகொள்கிறோம். சிலர் இப்படித்தான் செய்துகொள்ளாமலும் இருக்கிறோம்.

தலைமுறை தலைமுறையாய் வந்த டிராக்டர்களின் நாடி பார்த்த நாயகரே, அவற்றின் நிறைகுறைகளைத் தங்களிடம் கற்றோம். கற்றோம் என்றால் தாங்கள் சொல்லவில்லை. தங்கள் முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

பட்டறையின் பெருமையாகக் கொட்டகையில் நிற்கும் சிவப்பு வண்டி முப்பதுகளில் பிறந்தது. பேட்டரி கிடையாது, பொத்தான் கிடையாது. மூக்குக்குக் கீழே ஹேண்டிலைச் செருகிச் சுழற்ற வேண்டும். பெட்ரோலில் எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் இருமும், அசந்தால் அணையும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்காதவன் கையை அந்த ஹேண்டில் திருப்பி அடித்து முறிக்கும். இந்த ஊர்ப் பெரியவர்களில் கட்டைவிரல் நேராக இருப்பவர்கள் போதகர்களாகவோ வங்கிக்காரர்களாகவோ இருந்தவர்கள். ஆனால் அந்த வண்டி எதையும் ஒளிக்காது. எங்கே நோவு என்று கத்திச் சொல்லும். ஒரு ஸ்பானரும் ஒரு முழம் கம்பியும் இருந்தால் நடு வயலில் அதற்கு உயிர் கொடுக்கலாம். இரு பக்கமும் அகன்ற மட்கார்டு உண்டு. அதில் ஒருவரை உட்கார்த்தி, காதருகே பேசிக்கொண்டே எவ்வளவு தூரமும் மெதுவாகப் போகலாம்.

ஐம்பதுகளின் நீல வண்டி நாகரிகம் பழகியது. பொத்தானை அழுத்தினால் புறப்படும், கலப்பையைத் தானே தூக்கிக்கொள்ளும். முன்சக்கரங்கள் இரண்டும் ஒட்டி நிற்பதால் சரிவில் கவிழப் பார்க்கும் என்பதும், ஜனவரிக் குளிரில் பேட்டரி கட்டையாகிவிடும் என்பதும் அதன் குறைகள். ஆனால் ஜனவரியில் யாரும் யாரையும் மட்கார்டில் ஏற்றிக்கொண்டு போவதில்லை. செப்டம்பரில் அந்தப் பொத்தான் ஒருமுறையும் ஏமாற்றியதில்லை. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

அறுபதுகளின் டீசல் வண்டி ஆறு கொழுக் கலப்பையை ஏதோ சீப்பை இழுப்பதுபோல் இழுத்தது. இழுத்த வேகத்தில் ஓட்டியவர்களின் காதுகளையும் கொண்டுபோனது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் இந்த மடலைக் கேட்டுப் புன்னகைக்கிறார்கள். அது கேட்டதால் அல்ல.

எழுபதுகளின் இறுதியில் கண்ணாடிக் கூண்டு வந்தது. கூண்டுக்குள் சூடு, குளிர், ரேடியோ, முதுகை நோகவிடாத இருக்கை. தூசியில் இருமி இருமியே போன அப்பாக்களை நினைத்தால் அதைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் இருக்கை ஒன்றுதான். பக்கத்தில் உட்கார இடமில்லை. எதிரே வருபவருக்காக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவதுதான் இந்த ஊரின் முழுநீளச் சொற்பொழிவு. அந்த விரலும் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்தது. அன்றிலிருந்து நாம் ஒவ்வொருவரும் தனித்தனியே வசதியாக இருக்கிறோம்.

இவற்றில் எது சிறந்தது என்று எத்தனையோ விவசாயிகள் தங்களைக் கேட்டதுண்டு. நீலமா? "மோசமில்ல." டீசலா? "மோசமில்ல." கூண்டா? "மோசமில்ல." தங்கள் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு இல்லை என்பதை அறிந்தவர்கள் மகிழ்ந்து போனார்கள். சிவப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் தாங்கள் ஒன்றும் சொல்வதில்லை. மாதத்துக்கு ஒருமுறை அதை ஸ்டார்ட் செய்து, யாரும் உட்காராத இடப்பக்க மட்கார்டைத் துணியால் துடைத்து, சற்று நேரம் நின்று, அணைத்துவிடுவீர்கள். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. கோர்டிக்குத் தெரியும்.

எங்கள் வெல்டர் கோர்டி தங்கள் பள்ளித்தோழர். இதைச் சொல்ல வேண்டாம் என்று அவர் இருமுறை சொன்னார்.

தாங்கள் வேலைக்குச் சேர்ந்த மறுவருடம், செப்டம்பரில், கதிரடிப்புத் திருவிழா. மாலை மங்கி மழை கட்டிக்கொண்டு நின்றது. காட்சிக்கு ஓட்டிவந்த சிவப்பு வண்டியைத் தாங்கள் பட்டறைக்குத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். லவோன் தோளில் பையோடு வீட்டுக்கு நடக்கத் தொடங்கியிருந்தார். இன்று காபிப் பாத்திரத்துக்கு அருகே மூன்றாம் வரிசையில் அமர்ந்து, கூரையை ஆராய்ந்துகொண்டிருக்கும் திருமதி லவோன் ஹாகன் அவர்கள்தான் அந்த லவோன்.

"வீட்ல விட்டுடவா?" என்றீர்கள்.

"வேண்டாம் ஆர்லின், உனக்கு எதுக்குச் சிரமம்."

"எனக்கும் அந்தப் பக்கந்தான்."

அந்தப் பக்கம் இல்லை. தங்கள் வாழ்நாளில் தாங்கள் சொல்லி நாங்கள் அறிந்த ஒரே பொய் அது.

"பரவால்ல, நடந்துக்கறேன்."

இரண்டு முறை ஆயிற்று. லவோன் பையைத் தோளிலிருந்து கழற்றிக் கையில் பிடித்தார். மட்கார்டில் ஏறுகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். தாங்கள் மூன்றாம் முறை கேட்க வாய் திறந்தீர்கள். சிவப்பு வண்டி இருமி அணைந்தது.

இறங்கி ஹேண்டிலைச் செருகினீர்கள். சுழற்றிக்கொண்டே கேட்டிருக்கலாமே என்று பொத்தான் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோன்றும். கட்டைவிரலைப் பற்றிய நினைப்பைத் தவிர வேறெதற்கும் அந்த ஹேண்டில் இடம் தராது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பெட்ரோல் குழாயைத் திறந்து மறுபடி ஒரு சுற்று. அதற்குள் டென்னிஸ் ஹாகன் தன் நீல வண்டியில் வந்து நின்றார். அவர் பக்கத்து மாநிலமான அயோவாக்காரர், நம் வழக்கம் அறியாதவர். "ஏறுறியா, அட ஏறு, மழை வருதில்ல, ஏறு" என்று மூன்று முறையையும் ஒரே மூச்சில் கேட்டு முடித்தார். பொத்தானை அழுத்தினார். போனார்கள்.

அவர்கள் தேவாலயத் திருப்பத்தில் திரும்பியபோது சிவப்பு வண்டி ஸ்டார்ட் ஆயிற்று.

கதிரடிக்கும் எந்திரத்தின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கோர்டி இறங்கி வந்தார்.

"ஸ்டார்ட் ஆயிடுச்சுடா."

"ஆமா."

"அவ போயிட்டா."

"பாத்தேன்."

இதுபற்றி நண்பர்கள் இருவரும் பேசியது அவ்வளவுதான். டிராக்டர் வரலாற்றில் ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் உள்ள வேறுபாடு ஒரு பொத்தான். அதை அறிஞர்கள் குதிரைத்திறனில் அளக்கிறார்கள். தாங்கள் வேறு கணக்கில் அளந்தீர்கள், யாரிடமும் சொல்லாமல்.

டென்னிஸ் நல்ல மனிதர், நல்ல கணவர். அவருடைய நீல வண்டியை அவர் காலமெல்லாம் தாங்கள்தான் பழுது பார்த்தீர்கள். அதில் ஒரு திருகையும் தாங்கள் தளர விட்டதில்லை. வன்மம் வைக்க வாய்ப்பிருந்தும் கிரீஸ் மட்டுமே வைத்த வள்ளலே, இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எந்த மெக்கானிக்குக்கும் எழுத முடியாது.

டென்னிஸ் காலமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அது முதல் மாதந்தோறும் ஒரு சனிக்கிழமை நீல வண்டி பட்டறை வாசலில் வந்து நிற்கிறது.

"ஏதோ சத்தம் கேக்குதுங்க."

"எந்தப் பக்கங்க?"

"இடது பக்கம் மாதிரி."

"கொஞ்ச நேரமாகும்."

"அவசரமில்லைங்க."

தாங்கள் எஞ்சின் மூடியைத் திறப்பீர்கள். அவர் கவிழ்த்த வாளியின் மேல் உட்காருவார். இருவரும் சத்தத்துக்காகக் காத்திருப்பீர்கள். மதியம் வரை ஒரு சத்தமும் வராது. பிறகு தாங்கள் முன்பே இறுகியிருக்கும் ஒரு திருகை இறுக்குவீர்கள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

"டேய், என்னதான்டா சத்தம் அது?" என்று கோர்டி ஒருமுறை கேட்டார்.

"இன்னும் பிடிபடல."

"ஏழு வருஷமாவா?"

"விட்டு விட்டு வருது."

சென்ற சனிக்கிழமை, தாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது, லவோன் உதிரிபாகக் கவுண்டரில் மார்லிஸிடம் கேட்டார்.

"ஆர்லின் போனதுக்கப்புறம் இந்தச் சத்தத்த யாருங்க பாப்பாங்க?"

"புதுப் பசங்க பாப்பாங்க. கம்ப்யூட்டர மாட்டினா அஞ்சு நிமிஷத்துல சொல்லிடும்."

கம்ப்யூட்டரை மாட்ட அந்த நீல வண்டியில் இடமே கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். லவோன் சுவரில் தொங்கிய ஃபேன் பெல்ட்டுகளைச் சற்று நேரம் பார்த்தார்.

"அப்ப வண்டிய வித்துடறேன்" என்றார்.

அந்த மாலையே நாங்கள் கூடிப் பேசினோம். ஓய்வு பெறுகிறவருக்குக் கடிகாரம் கொடுப்பது பட்டறை வழக்கம். நேரத்தைப் பற்றித் தங்களுக்கு நினைவூட்டுவது நாகரிகமாகாது என்று விட்டுவிட்டோம். பதிலாக, வெளியே இப்போது ஒரு சத்தம் கேட்கிறதே, அதுதான் பரிசு. இது உள்ளபடியே கேட்கும் சத்தம். சிவப்பு வண்டியைக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்து, ஸ்டார்ட் செய்து, அணையாமல் பார்த்துக்கொள்ளக் கோர்டியைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறோம். இந்த விழாவில் அவர் இல்லாததன் காரணம் அதுவே. இடப்பக்க மட்கார்டைத் துடைத்துக் கோதுமைச் சாக்கை மடித்துக் கட்டியிருக்கிறோம். லவோன் அவர்களின் வீடு தங்களுக்கு இன்றும் எதிர்ப்பக்கம்தான்.

அன்று கேட்ட இரண்டு முறையும் செல்லுமா, அல்லது மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டுமா என்ற ஐயம் எங்களுக்கு எழுந்தது. போதகரிடம் கேட்டோம். இத்தனை காலம் திரும்பப் பெறாத கேள்வி செல்லும் என்றார். ஆகவே ஒரு முறைதான் பாக்கி.

அன்பரே, ஆசானே, அடக்கத்தின் அச்சாணியே, தாங்கள் முதுகு நோகாமல், காது மந்தமாகாமல், கட்டைவிரல் முறியாமல், இனி வரும் செப்டம்பர்களையெல்லாம் சாவகாசமாகப் பார்க்க வேண்டும். குளிர்காலங்களில் தங்கள் அடுப்படியில் இரண்டாவது கோப்பை கழுவ வேண்டியதாக இருக்க வேண்டும். பேச ஆளில்லாத மாலைகள் இனித் தங்களுக்கு வாய்க்காதிருக்க வேண்டும். எங்கள் ஆசை இவ்வளவே. நாங்கள் இதை ஒருமுறைதான் சொல்கிறோம். மறுக்கத் தங்களுக்கு இடமில்லை.

இங்ஙனம்,
தங்கள் ஸ்பானர்களை இன்னும் திருப்பித் தராத
பட்டறைப் பணியாளர்கள்

மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் முன் மார்லிஸ் கீழே சேர்த்தது:

படித்து முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. ஆர்லின் எழுந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, மூன்றாம் வரிசை வரை வந்து நின்றார். வாய் திறந்தார். வெளியே சிவப்பு வண்டி இருமி அணைந்தது. கோர்டி அதைத் திட்டியது தேவாலயத்துக்குள் கேட்கக்கூடாத விதத்தில் தெளிவாகக் கேட்டது.

ஆர்லின் வாசலைப் பார்த்தார். பிறகு லவோனைப் பார்த்தார்.

லவோன் எழுந்து கோட்டை மாட்டினார். கைப்பையைத் தோளிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"போய் ஹேண்டிலப் போடு ஆர்லின்" என்றார். "நான் நிக்கிறேன்."